முதல் விமானத்தில் உன் பங்கு

செமெய், 3 பிப்ரவரி 2025

ராவ்ஷான் அக்கா,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துவிடாதே. முதல் பக்கத்தையாவது படி. வாட்ஸ்அப், டெலிகிராம், இன்ஸ்டா என்று எல்லாவற்றிலும் என்னை ப்ளாக் செய்துவிட்டாய். தபால்காரரை ப்ளாக் செய்ய முடியாதே என்று நேற்றுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. ஸ்டாம்பை எந்த மூலையில் ஒட்டுவது என்று வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே. இல்லை, சிரி. சிரித்தால் நல்லது.

விஷயம் என்னவென்றால்... இரு, மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

செமெயிலிருந்து ஆக்தாவுக்கு நேர் விமானம்! கார்லிகாஷ் விடுகிறது! வாலில் குருவிப் படம் போட்ட அதே கம்பெனிதான், மலிவு டிக்கெட், முட்டி இடிக்கும் சீட், தண்ணீருக்குக் கூடக் காசு. மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, காலை 7:30-க்கு இங்கே கிளம்பி 10:50-க்கு உன் ஊரில் இறங்கும். மூன்று மணி இருபது நிமிஷம், அக்கா! ரயிலில் மூன்று நாள் ஆகும், அம்மாவுக்கு முட்டி வீங்கும், அல்மாத்தி சுற்றிப் போனால் இரண்டு டிக்கெட் என்று நாம் எத்தனை தடவை கணக்குப் போட்டோம்? எல்லாம் முடிந்தது. நேர்க்கோடு! வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். பேனா மை தீரும்வரை நாட்டின் குறுக்கே போகிறது.

டிக்கெட் விற்பனை தொடங்கியது காலை பத்து மணிக்கு. நான் போன் ரிப்பேர் கடையில் ஒரு கிழவரின் போனைத் திறந்து போட்டுவிட்டு, பத்து மணி நாலு செகண்டுக்கு டிக்கெட் எடுத்தேன். சீட் 14F, ஜன்னல். கிழவர் கேட்டார்: "ஏம்மா, என் போனுக்கு என்ன ஆச்சு, நீ ஏன் குதிக்கிற?"

விமானப் படம் போடுகிற என் இன்ஸ்டா பக்கத்தில், அதுதான் 'செமெய் வானம்', 412 பேர் இருக்கிறார்கள், எல்லாரும் பொறாமையில் வெந்துபோய்விட்டார்கள். முதல் விமானத்தில் போகிறவருக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு என்று ஒருவன் எழுதினான். உள்ளே உட்கார்ந்திருப்பவரால் அது இறங்குவதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. உண்மைதான். ஆனாலும் போவேன்.

நான் உன் வீட்டுக்கு வரலாமா? உன் பையன் எலாமானுக்குப் பதினோரு மாசம் ஆகிறது, நான் அவனை அம்மாவின் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவன் நடக்க ஆரம்பித்து, காலில் கட்டிய கயிற்றை அறுக்கிற சடங்கு நாளில் நான் அங்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

உன் தங்கச்சி,
ஜிபெக்

ஆக்தாவ், 14 பிப்ரவரி

ஜிபெக்,

கடிதம் வந்தது. முழுவதும் படித்தேன். எண்ணியும் பார்த்தேன். 'விமானம்', 'சீட்', 'டிக்கெட்' மாதிரியான வார்த்தைகள் பதினொன்று. 'மன்னிப்பு' என்கிற வார்த்தை ஒன்றுகூட இல்லை.

நீ என்னைப் பார்க்க வரவில்லை. முதல் விமானத்தில் ஏற வருகிறாய். அது போய் இறங்குகிற ஊரில் தற்செயலாக நான் குடியிருக்கிறேன். இதே விமானம் பாவ்லோதாருக்குப் போயிருந்தால் இந்நேரம் பாவ்லோதாரில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருப்பாய்.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. என்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய நாள். தௌரெனின் கார் வாசலில் நிற்கிறது. அம்மா அழுகிறாள். பெண் வீட்டைவிட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நம் சித்திகள் மூன்று பேரும் என் காதில் கத்துகிறார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். உன்னைத் தேடித்தான். நீ இல்லை.

அன்று சாயங்காலம் ரயிலில் போனைத் திறந்தால் உன் வீடியோ. ஏதோ நாலு இன்ஜின் ராட்சத சரக்கு விமானம் செமெயில் இறங்குகிறது. கீழே நீ எழுதியிருந்தாய்: 'என் வாழ்க்கையின் மிக அழகான நாள்.' தௌரென் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, கல்யாணத்தைப் பத்தித்தான் எழுதியிருக்கா" என்றார். பாவம், நல்ல மனுஷன்.

எலாமான் நிற்கிறான். எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பான், பிடியை விடமாட்டான். மேஜை, நாற்காலி, என் பாவாடை, பூனை. பூனை நடந்தால் இவன் உட்கார்ந்துவிடுவான். கயிற்றை அறுக்க மாமியார் ஏற்கெனவே ஆள் பார்த்துவிட்டார்: அவர் தம்பி, குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவர். யார் அறுக்கிறார்களோ அவர்கள் மாதிரி பிள்ளை ஆவான் என்பது உனக்குத் தெரியுமே. நீ அறுத்தால் என் பையன் ஏர்போர்ட் வேலியோரம் போய் நிற்பான்.

வராதே என்று நான் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

ராவ்ஷான்

செமெய், 25 பிப்ரவரி

அக்கா,

மன்னிப்பு. மன்னிப்பு. மன்னிப்பு. பதினொன்றுக்கு இன்னும் எட்டு பாக்கி இருக்கிறது, கடிதம் முடிவதற்குள் சேர்த்துவிடுகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. குளியலறையில் வைத்துப் படித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா கதவைத் தட்டி, "என்னடி, உள்ளேயும் விமானம் இறங்குதா?" என்றாள்.

இத்தனை நாள் எல்லோரிடமும் நான் சொன்னது: "கார் மூணு மணிக்குக் கிளம்பும்னு நினைச்சேன், அவங்க சீக்கிரம் கிளம்பிட்டாங்க." அது பொய், அக்கா. இரண்டரைக்கு என்று எனக்குத் தெரியும். அந்த விமானம் இரண்டு மணிக்கு இறங்கியிருக்க வேண்டும், வீட்டுக்கு ஓடினால் இருபது நிமிஷம், சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது இறங்காமல் இன்னும் ஒரு வட்டம் அடித்தது. அந்த ஒரு வட்டம் முடியட்டும் என்று நின்றேன். யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. அந்த ஒரு வட்டத்துக்குள் நீ போய்விட்டாய்.

ஓடி வந்தபோது வாசலில் தரையெல்லாம் இனிப்புகள் மட்டும் கிடந்தன, உன் தலைக்கு மேல் தூவியவை. நான் ஒன்றைப் பொறுக்கித் தின்றேன். ஏன் தின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்புறம் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போனோடு படுத்துக்கொண்டு வீடியோவைப் போட்டேன், அந்த முட்டாள் வரியோடு. அது அழகான நாளே இல்லை. அப்படி எழுதிவிட்டால் ஆகிவிடும் என்று நினைத்தேன்.

சரி, இப்போது சந்தோஷமான விஷயம். இந்தக் குளிர்காலத்தில் குதிரை வெட்டியபோது உன் பங்கை அம்மா எடுத்துவைத்தாள் இல்லையா? போன குளிர்காலத்திலும் வைத்தாள், அனுப்ப வழியில்லாமல் சித்தப்பா தின்றார். இந்த வருஷப் பங்கு இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது: இரண்டு பெரிய வளையம் கசி, ஒரு துண்டு இடுப்பு இறைச்சி. பூண்டும் மிளகும் போட்டுக் குடலில் அடைக்கும்போது அம்மா உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அடைத்தாள். ஃப்ரீசரைத் திறக்கிற யாரையும் விடமாட்டாள். "அது ராவ்ஷானோடது, கையை எடு!" ஐஸ் கட்டி எடுக்கப் போன பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே திட்டு.

கார்லிகாஷில் ஒரு சின்னச் சிக்கல். என் சலுகை டிக்கெட்டுக்கு ஐந்து கிலோ கைப்பை மட்டும்தான். கழுத்தில் தொங்குகிற கேமராவும் அந்த ஐந்தில் சேர்த்திதான். கேமராவும் பெரிய லென்ஸும் சேர்ந்து மூன்றே கால் கிலோ. உன் பங்கு மூன்றரை. நீயே கூட்டிக்கொள். ஆனால் கவலைப்படாதே, என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. திட்டத்தின் பெயர் 'பெரிய கோட்டு'.

மன்னிப்பு, மன்னிப்பு, மன்னிப்பு, மன்னிப்பு, மன்னிப்பு, மன்னிப்பு, மன்னிப்பு, மன்னிப்பு.

ஜிபெக்

ஆக்தாவ், 9 மார்ச்

ஜிபெக்,

எண்ணினேன். சரியாகப் பதினொன்று.

அந்த இனிப்பைப் பற்றி நீ யாரிடமும் சொன்னதில்லை போலிருக்கிறது. அம்மாவுக்கே தெரியவில்லை.

வருவதென்றால் வா. மறுநாள் திங்கட்கிழமை, நவ்ரிஸ் புத்தாண்டு லீவும் அதற்குள் முடிந்து போயிருக்கும், நான் வேலைக்குப் போக வேண்டும். அதனால் ஏர்போர்ட்டில் என்னை எதிர்பார்க்காதே. டாக்ஸி எடுத்துக்கொள். விலாசம் நீ உறையில் எழுதுகிறதுதான்: ஏழாவது மைக்ரோரயோன், வீடு 12, கதவு 45. இந்த ஊரில் தெருவுக்குப் பெயர் கிடையாது, எல்லாம் எண்தான், ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால் யார் வீட்டுக் கட்டிலிலோ போய்ப் படுப்பாய்.

எலாமான் இப்போது ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்த ஒரு விரலையும் விட்டுவிட்டால் நடந்துவிடுவான். விடமாட்டேன் என்கிறான். "யாருகிட்டருந்துடா வந்துச்சு இந்தப் பிடிவாதம்?" என்று மாமியார் கேட்கிறார், என்னைப் பார்த்துக்கொண்டே.

கசியில் ஒரு துண்டு குறைந்தாலும் கதவு திறக்காது. இங்கே விற்கிறதில் பூண்டே கிடையாது.

ரா.

பின்குறிப்பு: கயிறு இங்கே நல்லதாகக் கிடைக்கவில்லை. கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கித் தரும்படி அம்மாவிடம் சொல். இதைக் கேட்டதால் கத்தரியை உன் கையில் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

வானத்தில், 14F, 30 மார்ச், காலை 8:20

அக்கா!!!

மேஜைப் பலகையில் வைத்து எழுதுகிறேன், முன்சீட்டுக்காரர் நெளியும்போதெல்லாம் எழுத்து ஓடுகிறது, பொறுத்துக்கொள். ஸ்டாம்ப் ஒட்டிய உறையோடு வந்திருக்கிறேன். நேரில் நாக்கு ஒட்டிக்கொண்டால் இதை உன் கையில் கொடுத்துவிடலாம் என்று.

முதலில் திட்டத்தைச் சொல்கிறேன். இரண்டு வளையம் கசியையும் அம்மா ஒரு நீளத் துணியில் சுற்றி என் இடுப்பில் பெல்ட் மாதிரி கட்டிவிட்டாள். இடுப்பு இறைச்சி முதுகுப் பக்கம். அதற்கு மேலே சித்தப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டு. பைக்குள் கேமரா, லென்ஸ், எலாமானுக்குத் தொப்பி, கயிறு, கயிறு அறுக்கச் சின்னக் கத்தரி. எடை போடுகிற மேஜையில் பை 4.8 கிலோ! அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எத்தனையாவது மாசம்?" என்று பரிவாகக் கேட்டாள். நான் "ஆறு" என்றேன். வேறு என்ன சொல்வது? அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினாள்.

அப்புறம் சோதனை வாசல். கோட்டைக் கழற்றச் சொன்னார்கள்.

"இது என்னம்மா?"

"கசிங்க."

"அது தெரியுது. வாசனை அடிக்குது. இடுப்புல ஏன்?"

"அக்காவோட பங்குங்க. நேர் விமானம் இல்லாம ரெண்டு வருஷமா அனுப்ப முடியலை."

அந்த ஆள் கசியைக் கையில் வாங்கிப் பார்த்தார். அப்புறம், "எங்க அக்காவும் ஆக்தாவ்லதான் இருக்கா" என்றார். ஆனாலும் விடவில்லை. கத்தரியை எடுத்துக்கொண்டார், கசியைக் கையில் கொடுத்து, "போயி எடை போட்டு வாங்க, விதின்னா விதிதான்" என்று திருப்பி அனுப்பினார். எடை 8.3 கிலோ. பெட்டிக்குப் பணம் கட்டுகிற ஜன்னலை மூடிவிட்டார்கள். 'எத்தனையாவது மாசம்' என்று கேட்ட பெண் என் தட்டையான வயிற்றைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"ஏதாவது ஒண்ணை விட்டுட்டுப் போங்க. ரெண்டு நிமிஷம்."

அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். "கசியைக் குடுத்துடுடி. உன் கேமராவை எடுத்துட்டுப் போ. இதுக்காகத்தானே ரெண்டு மாசமா தூங்காம கிடந்த. அக்காவுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, அக்கா. விமானம் இன்னும் ஒரு வட்டம் அடிக்கிற மாதிரி.

பையிலிருந்து கேமராவையும் லென்ஸையும் அவற்றின் உறையோடு உருவி அம்மாவின் கையில் திணித்துவிட்டு, அந்த இடத்தில் கசியைப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். யோசித்தால் நின்றுவிடுவேன் என்று யோசிக்கவே இல்லை. அம்மா, "பைத்தியம்! என் அய்னாலயின்!" என்று திட்டையும் கொஞ்சலையும் ஒரே மூச்சில் கத்தினாள்.

இப்போது என்னிடம் இருப்பது என் போன் மட்டும். ஊரார் போனையெல்லாம் சரி செய்கிற என் போனில் கேமராக் கண்ணாடி உடைந்து மூன்று மாசம் ஆகிறது. எடுத்த படத்திலெல்லாம் பனிமூட்டம். 412 பேர் காத்திருக்கிறார்கள், நான் பனிமூட்டத்தைப் போடப்போகிறேன்.

ஆனால் கேள்! கிளம்பும்போது இரண்டு தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் நின்று விமானத்தின் மேல் தண்ணீரை வளைவாக அடித்தன. வெயில் அப்போதுதான் வந்திருந்தது. என் ஜன்னலுக்கு வெளியே ஒரு வானவில், அக்கா, கை எட்டுகிற தூரத்தில்! நான் வீறிட்டுவிட்டேன். பக்கத்து சீட்டில் ஒருவர், போலாத் அண்ணன் என்று பெயர், உங்கள் ஊர் எண்ணெய் வயலில் பதினைந்து நாள் வேலை, பதினைந்து நாள் லீவு. பயந்துபோய் சீட் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னாச்சு? தீப் பிடிச்சிருச்சா?"

"இல்லண்ணே, வாழ்த்து! முதல் விமானத்துக்குத் தண்ணி அடிப்பாங்க!"

"முதல்லயே சொல்றதில்லையா? நான் கலிமா சொல்லி முடிச்சிட்டேன்."

பதினைந்து நாள் லீவில் ஆறு நாள் ரயிலிலேயே போய்விடுமாம் அவருக்கு. "என் பொண்ணு என்னை ரயில்ல வேலை பாக்குறவர்னு ஸ்கூல்ல எழுதியிருக்கு" என்றார்.

காலை 9:45

கீழே ஆரல் பக்கம் வெள்ளையாக உப்பு. சுடுதண்ணீர்கூட விலைக்குத்தான் என்று தெரிந்ததும் விமானத்தில் பாதிப் பேர் ஃப்ளாஸ்க்கைத் திறந்துவிட்டார்கள். எல்லா வரிசையிலும் பால் டீ வாசனை. போலாத் அண்ணன் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். என் பை மடியில் இருக்கிறது, சூடு பட்டுக் கசி இளகிப் பூண்டு வாசனை எழும்பிவிட்டது. மூன்று வரிசை முன்னால் ஒருவர் திரும்பி, "யாருகிட்ட இருக்கு? சும்மா மோந்து பாக்கக் குடுங்க" என்று கேட்டார். தரவில்லை. ஒரு துண்டு குறைந்தாலும் கதவு திறக்காது.

பயமாக இருக்கிறது, அக்கா. விமானம் பயமில்லை. 45-ஆம் எண் கதவு.

ஆக்தாவ் ஏர்போர்ட், 11:25

இறங்கிவிட்டோம். சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், இரண்டாவது வரிசையில் சிவப்பு முக்காடு போட்ட அம்மா ஒருவர் எழுந்து பை நிறைய இனிப்பை எல்லார் தலைமேலும் வீசினார். முதல் பயணம் இல்லையா! உடனே பாதி விமானம் சீட்டுக்கு அடியில். விமானப் பணிப்பெண் மைக்கில் கதறினாள்: "இன்னும் ஓடிக்கிட்டு இருக்கோம்! உக்காருங்க! இனிப்பு எங்கயும் போகாது!" முப்பத்தைந்து நிமிஷத்தில் திரும்பிக் கிளம்ப வேண்டிய விமானம் அது. ஒரு தாத்தா குனிந்தபடியே பதில் சொன்னார்: "நீயும் ரெண்டு எடுத்துக்க, கண்ணு."

வெளியே வந்தால் ஹாலில் சிவப்பு ரிப்பன், மேளம், பேச்சு. எல்லோரையும் கட்டிப்பிடிக்க யாராவது இருந்தார்கள். போலாத் அண்ணனை அவர் கம்பெனி வண்டி வந்து கூட்டிப்போனது, "உங்க அக்கா வருவாங்கம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

இருபது நிமிஷமாகப் பைமேல் உட்கார்ந்திருக்கிறேன். நீ வரவில்லை.

வரமாட்டேன் என்றுதான் எழுதியிருந்தாய். நியாயம்தான். ஆனாலும் வாசல் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். அன்றைக்கு நீ திரும்பிப் பார்த்தது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது. கொஞ்சம்தான்.

இங்கே ஒரு தபால் பெட்டி இருக்கிறது. இதைப் போட்டுவிட்டு டாக்ஸி பிடிக்கிறேன். நீ கதவைத் திறந்திருந்தால் இது வந்துசேரும்போது படிக்காமல் கிழித்துவிடு.

ஜி.

ஆக்தாவ், 12 ஏப்ரல்

அடி ஜிபெக்,

நேற்று கதவு 54-இல் இருப்பவர் வந்து மணியடித்தார். பதினைந்து நாள் வேலை முடிந்து வந்தவர் தன் பெட்டியில் உன் கடிதத்தைப் பார்த்திருக்கிறார். எழுதினாயே, எழுதினாயே, 45-ஐ 54 என்று! அவ்வளவு சொல்லியும்! ஒரு வாரம் என் வீட்டில் தின்று தூங்கிவிட்டுப் போனாய், ஏர்போர்ட்டில் ஒரு கடிதம் போட்டேன் என்று வாயைத் திறந்தாயா?

படிக்காமல் கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். மாமியாருக்கும் படித்துக் காட்டினேன், 'ஆறு மாசம்' வருகிற இடத்தில் அவருக்குப் புரையேறிவிட்டது.

உன் பாதியை நீ எழுதிவிட்டாய். என் பாதியை நான் உன்னிடம் சரியாகச் சொல்லவே இல்லை. அந்த இருபது நிமிஷம் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டாய், "டாக்ஸி கிடைக்கலை" என்று மழுப்பிவிட்டேன். அது பொய். நம் குடும்பத்துக்கே இந்த வியாதி இருக்கிறது.

காலை ஏழரைக்கு அம்மா போன் செய்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "அந்தப் பைத்தியம் கேமராவை என் கையில குடுத்துட்டு உன் கசியைத் தூக்கிட்டுப் போயிருக்குடி. இந்தப் பெட்டியை நான் எப்படிப் பிடிக்கணும்னுகூட எனக்குத் தெரியலை."

நான் உண்மையாகவே ஏர்போர்ட்டுக்கு வருவதாக இல்லை. பிடிவாதம்தான். போனை வைத்துவிட்டு, எலாமானுக்கு ஜட்டி மாற்றிவிட்டு, மாவு பிசைய உட்கார்ந்தேன். கை மாவில் இருக்கும்போது உன் முதல் கடிதத்தில் யாரோ ஒருவன் எழுதியதாகச் சொன்னாயே, அது ஞாபகம் வந்தது. உள்ளே இருப்பவரால் அது இறங்குவதைப் பார்க்க முடியாது. கேமராவும் இல்லை. அப்படியென்றால் அதை யார்தான் எடுப்பார்கள்?

மாவுக் கையோடு பையனைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி ஏறினேன். டிரைவர், "பயணிகள் வர்ற வாசல்தானே?" என்றார்.

"இல்ல. வேலி."

"எந்த வேலி?"

"எனக்கென்ன தெரியும்? இதுக்குன்னே பைத்தியங்க நிக்கிற ஒரு வேலி இருக்கும், அங்க விடுங்க."

இருந்தது. ஒரே ஒரு பைத்தியம், வயசானவர், ஏணியோடு. ஓய்வுபெற்ற பல் டாக்டராம், நூர்லான் ஐயா. என்னை, பையனை, மாவை எல்லாம் பார்த்துவிட்டு, "யாருக்காக வந்திருக்கீங்க?" என்றார். செமெயிலிருந்து என் தங்கச்சி வருகிறாள் என்றேன். "செமெய் வானம் ஜிபெக்கா? அந்தப் பொண்ணோட அக்காவா நீங்க? அட, ஏணில ஏறுங்க முதல்ல!"

உன் 412 பேரில் அவரும் ஒருவர். ஏணியை அவர் பிடித்துக்கொண்டார். இந்த ஊர்க் காற்று உனக்குத் தெரியுமே, முக்காடு பறந்து அவர் முகத்தில் அடித்தது, அவர் பிடியை விடவில்லை. "அதோ" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு புள்ளி தெரிந்தது. அந்தப் புள்ளிக்குச் சிறகு முளைத்தது, அப்புறம் சக்கரம். அது எங்களை நோக்கி வருகிற மாதிரியே இருக்கிறது, ஆனால் நகராத மாதிரியும் இருக்கிறது. அதற்குள் நீ இருக்கிறாய், இடுப்பிலோ மடியிலோ என் பங்கோடு. திடீரென்று தலைக்கு மேல் ஒரே சத்தம், எலாமான் என் காதைப் பிடித்து இழுத்து வானத்தைக் காட்டி "ஆ! ஆ!" என்கிறான், நானும் அவனோடு சேர்ந்து "ஆ! ஆ!" என்று கத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு பிள்ளைகள் மாதிரி.

வண்டிகள் தண்ணீர் அடித்து முடிக்கும்வரை பார்த்தேன். அதன் பிறகும் இறங்க மனசு வரவில்லை, வால் திரும்புகிற வரைக்கும் பார்த்துவிடலாம் என்று நின்றேன். அதனால்தான்டி லேட்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். தெரிந்தாலும் எழுதுகிறேன், ஒவ்வொரு தடவையும் நீ மாற்றி மாற்றிச் சொல்வாய், இது ஒரு இடத்தில் எழுத்தில் இருக்கட்டும். ஹாலுக்குள் வந்தால் நீ பைமேல் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். பையனை இறக்கினேன், அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூக்கை ஒரு தடவை தூக்கினான். விரலை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, நேரே உன் பைமேல் போய் விழுந்தான். கசிதான். உன்னைத் தேடி வரவில்லை, கர்வப்படாதே.

நான் அலறினேன், நீ அலறினாய், மேளக்காரர் நிறுத்திவிட்டார், பேசிக்கொண்டிருந்த அதிகாரி தாளை மடித்துக்கொண்டார். நீ பையைக் கவிழ்த்துக் கயிற்றை எடுத்தாய். கத்தரி இல்லை. "செமெய்ல பிடுங்கிட்டாங்கக்கா" என்று ஏர்போர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாய். ரிப்பன் வெட்ட வைத்திருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த அதிகாரியே வந்தாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை. "ரெண்டும் முதல் பயணம்தானே. நாங்க வெட்டிட்டோம், நீங்க வெட்டுங்க" என்று தங்க நிறக் கத்தரியைக் கொடுத்தார். என் முழங்கை நீளம் இருந்தது.

பையன் காலில் கயிற்றைக் கட்டிவிட்டுக் கத்தரியை உன்னிடம் நீட்டினேன். நீ பின்னால் போனாய்.

"நானா? நான் அறுத்தா பையன் வேலியோரம் போய் நிப்பான்னு எழுதினியேக்கா?"

"நிக்கட்டும்டி. நானே இப்பதான் அங்கேருந்து வரேன்."

அப்போது நான் சொன்னது உனக்குப் புரியவில்லை, அழுகிற அவசரத்தில் வெட்டிவிட்டாய். சிவப்பு முக்காடு அம்மாவின் பையில் இன்னும் இனிப்பு மிச்சம் இருந்தது, நம் மூன்று பேர் தலையிலும் கொட்டினார். இந்தத் தடவை நீ பொறுக்கித் தின்றதை நான் பார்த்தேன்.

குதிரைக்காரத் தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்று மாமியார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். மூன்றாம் நாள் கசியை வேகவைத்தோம். நாலாம் துண்டில், "சரி, அந்தப் பொண்ணுகூட வேகமாத்தான் வந்திருக்கா, மூணு மணி நேரத்துல" என்று சமாதானம் ஆனார்.

உறையில் ஒரு படம் வைத்திருக்கிறேன். என் போனில் எடுத்தது, கடையில் கொடுத்து அச்சடித்தேன். பாதி இறக்கை, ஒரு சக்கரம், எலாமானின் கை, ஓரத்தில் என் கட்டைவிரல், அதில் மாவு. 'செமெய் வானம்' பக்கத்தில் போட்டுக்கொள். கீழே என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள், இந்தத் தடவை யோசித்து எழுது.

ப்ளாக்கையெல்லாம் எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுது, 45-க்கு எழுது. நீ போனதிலிருந்து விடிந்தால் எலாமான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கிறான். எங்கள் வீட்டிலிருந்து விமானமே தெரியாது. அவனுக்கு அதைச் சொல்ல எனக்கு மனசில்லை, நானும் அவன் பக்கத்தில் நிற்கிறேன்.

இன்னொன்று. போன ஞாயிறு நீ கிளம்பும்போது, சோதனை வாசலில் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாய். கூட்டத்தில் உன் கண்ணில் பட்டேனா என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்: நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

ராவ்ஷான் அக்கா